இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓர் ஆறு

சட்டையின் வலது கை முழங்கை வரை நனைந்திருந்தால் மீன் அகப்பட்டிருக்கிறது என்று பொருள். இடது கை நனைந்திருந்தால் பாறையில் வழுக்கிக் கையை ஊன்றியிருக்கிறாள். ஒகிசோ கனாயே என் வீட்டுத் தள்ளுகதவைத் திறந்து, "பாட்டி, வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்தச் சட்டைக் கைகளைத்தான். அது அவளுக்கும் தெரியும். ஏப்ரன் நாடாவை இறுக்குகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொள்வாள்.

"இன்னிக்கு இடது கையா?"

"குழாய்த் தண்ணி தெறிச்சிருச்சு பாட்டி."

"எந்த வீட்டுக் குழாயில பாசி வருது?"

அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் வரும்.

கனாயேவுக்கு வயது ஐம்பதைத் தொடப்போகிறது. கீழே டவுனில் உள்ள ஓர் அலுவலகம், பள்ளத்தாக்கில் தனியாகக் காலம் தள்ளும் எங்களைப் போன்றவர்களின் வீடுகளுக்கு அவளை உதவிக்கு அனுப்புகிறது. சமைப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, குப்பையை எரிவது எரியாதது என்று பிரித்து அந்தந்தக் கிழமைக்கு வெளியே வைப்பது எல்லாம் அவள்தான். விடிந்ததும் வெள்ளைக் குட்டிக் காரில் ஏறி வந்தால், இருட்டிய பிறகுதான் டவுனுக்குத் திரும்புவாள். அங்கே சொந்த வீட்டில் மறுபடியும் அரிசி களைய வேண்டும். பேஸ்பால் ஆடும் மகனின் சட்டையில் மண்ணைத் தேய்க்க வேண்டும். கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். அவர் வந்து படுக்கும் நேரத்தில் இவள் எழுந்திருப்பாள். "எங்க வீட்டு மெத்தை ஆறவே ஆறாது பாட்டி" என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மெத்தை என்று சொன்ன மாத்திரத்தில் அவள் கண் சொருகிவிட்டது.

அவளைச் சுறுசுறுப்பானவள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் களைத்துப்போனவள். களைப்போடேயே வேகமாக நடக்கப் பழகியிருக்கிறாள். வெங்காயம் நறுக்கும்போது நின்றபடி தூங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கத்தி நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி நறுக்கத் தொடங்கும். இடுப்பில் அகலமான பட்டை ஒன்று கட்டியிருக்கிறாள். எங்களையெல்லாம் தூக்கித் தூக்கி உட்காரவைத்த இடுப்பு அது.

மீன் பிடிப்பதும் அவளுக்குத் தூக்கத்தால் வந்த பழக்கம்தான். ஒரு வீட்டில் வேலை முடிந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் கொஞ்சம் இடைவெளி விழும். டவுனுக்குப் போய்த் திரும்ப அது போதாது. சும்மா உட்கார்ந்திருக்க அது அதிகம். முதல் வருடம் பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே தூங்கினாள். ஒருநாள் நேரம் தப்பி விழித்து, கன்னத்தில் ஸ்டீயரிங் பதிந்த தடத்தோடு குமே வீட்டுக்குள் ஓடியிருக்கிறாள். குமே என்னைப்போல் தனியாக இருப்பவள். நெடுங்காலம் சிகை அலங்காரக் கடை வைத்திருந்தாள். கடையை மூடிவிட்டாள், வாயை மூடவில்லை.

"யாருடி உன் மேல டயர் ஏத்தினது?" என்று கேட்டாளாம்.

அதைக் கேள்விப்பட்டு, பெட்ரோல் பங்க் ஷிமுரா தன்னிடம் சும்மா கிடந்த தூண்டில் கோல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எதற்கு வாங்கிக்கொண்டாய் என்று நான் கேட்டேன். "தூங்கினா எழுந்திரிக்க முடியல பாட்டி. மீன் பிடிச்சா தூங்க வேண்டியதில்லையே" என்றாள். மீன் பிடிப்பதற்கு இப்படி ஒரு காரணம் சொன்னவரை நான் வேறு பார்த்ததில்லை.

இதற்குப் புழுவும் வேண்டாம், தூண்டில் நரம்பைச் சுற்றும் சக்கரமும் வேண்டாம். மாவு உருட்டும் கட்டை நீளத்துக்கு மடங்கிக் கிடக்கும் கோல், இழுத்தால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகும். கோலின் நுனியில் நரம்பு, நரம்பின் நுனியில் கோழி இறகு சுற்றிய பொய்ப்பூச்சி. இப்படிப் பிடிப்பதற்குத் தென்கரா என்று பெயர். தண்ணீர்மேல் நிஜப்பூச்சி வந்து உட்கார்ந்ததுபோல் அதை வீச வேண்டும். நம்புகிற மீன் மேலே வரும். பூச்சியின் உடம்புக்கு வேண்டிய நூலை அவள் தெரஷிமாவின் பழைய கம்பளிச் சட்டையிலிருந்து உருவிக்கொள்கிறாள். தெரஷிமா காட்டிலாகாவில் மரம் வெட்டிய கிழவர். பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கிறார்.

"என் சட்டையில பாதி ஆத்துக்குள்ள போயிருச்சு. மீனெல்லாம் குளிருக்குப் போட்டுக்கிட்டுத் திரியுது" என்பார் அவர்.

"நீங்க போட்டதவிட அதுங்களுக்கு எடுப்பா இருக்கு தாத்தா."

காரை நிறுத்துவாள். ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் இறங்குவாள். ஏதாவது ஒரு பாறை, அதன் பின்னால் தண்ணீர் சுழன்று நிற்கும் இடம், அங்கே ஏழெட்டு வீச்சு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கோலை மடக்கிக்கொண்டு ஏறிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஆண்கள் வருவார்கள். தலை முதல் கால் வரை அதற்கென்றே வாங்கிய உடுப்புப் போட்டுக்கொண்டு, பாதி நாளை ஆற்றைப் பார்ப்பதிலேயே கழிப்பார்கள். அவர்களில் ஒருவர், ஏப்ரனோடு தண்ணீரில் நிற்கும் இவளைப் பார்த்து, "துணி துவைக்க வந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, உங்களது ஏதும் இருந்தா போடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீசிக்கொண்டிருந்தாளாம்.

பிடித்ததை விட்டுவிடுவாள். கழுவி வெட்ட நேரம் ஏது? மீன் வாடையோடு போனால் குமேயின் வாய்க்கு யார் பதில் சொல்வது? மீனைத் தொடுவதற்கு முன் கையை ஆற்றுக்குள் அமிழ்த்திக் குளிரவைத்துக்கொள்வாள். நம் கைச்சூடு அதன் தோலைச் சுட்டுவிடுமாம். எங்களைக் குளிப்பாட்டும்போது தலைகீழ். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து, அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் முதுகில் வைப்பாள்.

"மீனுக்குச் சூடு ஆகாது, உங்களுக்குக் குளிர் ஆகாது. என் கைக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல" என்று ஒருநாள் எனக்குச் சோப்புப் போட்டபடி சொன்னாள்.

"என்ன வேணும்?"

கை என் முதுகில் அப்படியே நின்றது. யோசித்தாள். "தெரியல பாட்டி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓர் அந்தி வேண்டும்.

பகலில் அவளுக்குக் கிடைப்பதெல்லாம் விரல் நீள மீன்கள். "அதுங்க பால்குடி. அந்தியில மேல வர்றதுதான் மீனு" என்று தெரஷிமா சீண்டுவார். அவர் சொல்வதில் தப்பில்லை. வெயில் இறங்கி, ஆற்றுப்பூச்சிகள் ஈசல்போல் கூட்டமாக எழும்பும் வேளையில்தான் பெரியவை பாறைக்கடியிலிருந்து கிளம்பும். அந்த வேளையில் கனாயே ஒருநாளும் ஆற்றில் நின்றதில்லை. அந்தி என்பது எங்கள் இராச்சாப்பாட்டு நேரம். முதலில் தெரஷிமா, பிறகு குமே, கடைசியில் நான்.

என் வீடு பாலத்தை ஒட்டி இருக்கிறது. அடுக்களை ஜன்னலுக்கு நேர் கீழே ஆழமான மடு. பாத்திரம் கழுவும் தொட்டி அந்த ஜன்னலோரத்தில்தான். ஆகவே மீன்கள் மேலே வரும் நேரமெல்லாம் அவள் என் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி நிற்பாள். தண்ணீரில் ஒரு வட்டம் விரியும். பக்கத்தில் இன்னொன்று. எதிர்க்கரைப் பாறையின் நிழலிலிருந்து பெரிய அமாகோ மீன் ஒன்று, விலாவெல்லாம் சிவப்புப் புள்ளியோடு நிதானமாக வந்து, ஒரு பூச்சியை எடுத்துக்கொண்டு திரும்பும். கிண்ணம் எப்போதோ சுத்தமாகியிருக்கும். அவள் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

"கிண்ணத்துல இருக்கிற பூ அழிஞ்சிரப்போகுது."

"வந்துட்டான் பாட்டி."

"யாரு?"

"அவன்தான். வாய் வளைஞ்சவன்."

மார்ச்சில் மீன்பிடிக்க ஆறு திறந்ததிலிருந்து ஒரே ஒரு மாலை விடுப்பு வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜூனில் ஒன்று கொடுத்தார்கள். அன்று இன்னோர் உதவியாளின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, அவளுடைய வீடுகளும் இவள் தலையில் விழுந்தன. ஆகஸ்டில் ஒன்று கொடுத்தார்கள். அன்று புயல். மடு சேற்று நிறத்தில் பாலத்தை எட்டிக்கொண்டு ஓடியது. செப்டம்பர் கடைசி நாளோடு மீன்பிடிப்பு முடிந்துவிடும், மறுபடி வசந்தத்தில்தான். சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் நடுவில் ஒருநாள், மிசோ சூப்பில் டோஃபுவை வெட்டிப் போட்டபடி, "அக்டோபர்லேருந்து நான் டவுன் முதியோர் விடுதிக்குப் போறேன் பாட்டி. மாத்திட்டாங்க. இங்க வேற ஆள் வருவாங்க" என்றாள்.

"விடுதியில என்ன வேலை?"

"இதேதான். ராத்திரி முறையும் உண்டு."

"அங்க பக்கத்துல ஆறு இருக்கா?"

"இருக்கு. ரெண்டு பக்கமும் சிமெண்டு."

அன்று அவள் கிண்ணம் கழுவும்போது ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் கூடிப் பேசித் திட்டம் போட்டோம் என்று பள்ளத்தாக்கில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு குளறுபடி நடந்திருக்காது. செப்டம்பர் கடைசி நாள் காலையில் நான் அலுவலகத்துக்குப் போன் போட்டு, பேத்தி வருகிறாள், இராத்திரி சமையலுக்கு ஆள் வேண்டாம் என்றேன். எனக்கு முன்பே தெரஷிமா போன் போட்டு, வயிறு சரியில்லை, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எனக்குப் பிறகு குமே, ஊர் மண்டபத்தில் கூட்டம், அங்கேயே விருந்து என்று சொல்லியிருக்கிறாள். கனாயேவிடமே நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நேராகச் சொன்னால் அவள் கையை ஆட்டி மறுத்துவிட்டு, வழக்கத்தைவிட முன்னதாக வந்து நிற்பாள். அவளை உங்களுக்குத் தெரியாது.

மத்தியானம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இளசு, குரலில் மரியாதை சொட்டியது.

"ஒகிசோ வேலையில ஏதாவது குறை இருக்குங்களா பாட்டி?"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லங்க. நல்லாத்தான் செய்யறா."

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டேன். எங்கள் பக்கத்தில் மனக்குறை உள்ளவர்கள்தான் குறை ஒன்றும் இல்லை என்று சொல்வார்கள், அதுவும் பெருமூச்சோடு. நான் பெருமூச்சு விட்டது இடுப்பு வலியால். போனில் இடுப்பு தெரியுமா? தெரஷிமாவும் குமேவும் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வீட்டார் ஒரே நாளில் வேண்டாம் என்று சொல்லி, மூவரும் குறை ஒன்றும் இல்லை என்றும் சொன்னால் அலுவலகம் என்ன நினைக்கும்? ஒகிசோ ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டாள் என்றுதான் நினைக்கும். விடுதிக்குப் போவதற்கு முன் மூன்று வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

அவள் டவுன் கடையில் சிவப்புப் பயறு இனிப்பு மூன்று பெட்டி வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

தெரஷிமா வீட்டுக்குள் போனபோது அவர் ஊறுகாயும் அரிசி மதுவான சாக்கேயுமாகக் கொண்டாட்டத்தில் இருந்தார். இவளைக் கண்டதும் கோப்பையைப் பின்னால் தள்ளிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாராம்.

"வலி எந்தப் பக்கம் தாத்தா?"

"எல்லாப் பக்கமும்."

"வயித்து வலிக்குச் சாக்கேயா?"

"உள்ள இருக்கிற பூச்சி சாகட்டும்னு."

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டாமா? அவள் கஞ்சி வைத்தாள். அரிசி குழையும் வரை அடுப்பருகே நின்றாள். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொள்ளவும் சம்மதித்துப் படுத்திருக்கிறார். வெயில் அதற்குள் மேற்கு மலையின் தோளுக்கு இறங்கிவிட்டது.

குமே வீட்டில் விளக்கில்லை. கதவைத் திறந்தால் வாசலில் அவளுடைய செருப்பு இருக்கிறது. கூட்டத்துக்குப் போனவளின் செருப்பு வீட்டில் எப்படி இருக்கும்? விழுந்துகிடக்கிறாள் என்று கனாயே பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடியிருக்கிறாள். குமே இருட்டறையில் சத்தமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"பாய் மேல பூட்ஸோட வர்ற? என்ன வளர்ப்புடி?"

"கூட்டத்துக்குப் போகலையா பாட்டி?"

"கூட்டத்துக்கு ஒருத்தரும் வரல. அதான் நானும் போகல."

கனாயே இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, பாயில் நெற்றி படக் குனிந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதன்பிறகு, பூட்ஸ் பட்ட சேற்றைத் துடைக்காமல் போக மனமில்லாமல், பாயை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். குமே எனக்குப் பிறகு இதைச் சொன்னபோது, "அவ துடைச்சுக்கிட்டே இருக்கா, நான் வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கேன், வெளியில வெளிச்சம் போய்க்கிட்டே இருக்கு. வாயத் திறந்து சொல்லவும் முடியல" என்றாள். குமேயாலேயே வாயைத் திறக்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. மற்ற இரண்டு பேரும் சமையலை வேண்டாம் என்று சொன்னதையும் அதற்குச் சொன்ன காரணங்களையும் மட்டும் அந்த அலுவலகப் பெண் உளறியிருந்தாள். ஆக, கனாயே இந்நேரம் மடுவில் நிற்க வேண்டும். நான் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, அடுக்களை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தேன். பூச்சிகள் எழும்பத் தொடங்கின. முதல் வட்டம் விரிந்தது. வாய் வளைந்தவன் இரண்டு முறை வந்து போனான். ஆளைக் காணோம்.

கடைசியில் கார் சத்தம் கேட்டது. காலடி மடுவின் பக்கம் இறங்காமல் என் வாசலுக்கு வந்தது.

"பாட்டி, ஒகிசோ வந்திருக்கேன்."

குடும்பப் பெயரைச் சொன்னாள். என் வீட்டு வாசலில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கதவின் மங்கிய கண்ணாடியில் அவள் நிழல் தெரிந்தது. கையில் ஏதோ பெட்டி.

"இன்னிக்கு வர வேண்டாம்னு சொல்லியிருந்தேனே" என்று நாற்காலியிலிருந்தே கத்தினேன்.

"சமைக்க வரல. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எதுக்கு?"

"அதை நீங்கதான் பாட்டி சொல்லணும்."

"என் பேத்தி வந்திருக்கா. நீ போ."

"பேத்தி ஒசாகாவுல பரீட்சை எழுதறான்னு நேத்துதானே சொன்னீங்க?"

"எழுதி முடிச்சிட்டு வந்துட்டா."

"எதுல வந்தா? பஸ் மத்தியானமே போயிருச்சே."

"நடந்து வந்தா."

அவள் குரல் தாழ்ந்தது. "நான் ஏதாவது தப்பாப் பண்ணியிருந்தா சொல்லிடுங்க பாட்டி. குளிப்பாட்டறப்ப கை ஜில்லுன்னு இருந்துச்சா? சூப்புல உப்பு ஜாஸ்தியா? விடுதிக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிட்டா, அங்க இருக்கிறவங்களுக்காவது சரியாச் செய்வேன்."

இத்தனை வருடம் என் முதுகைத் தேய்த்தவள், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று இப்படிக் கேட்கிறாள். ஆனாலும் கதவைத் திறப்பதாக இல்லை. திறந்தால் உள்ளே வந்து ஏப்ரனை இறுக்கிக் கட்டிவிடுவாள்.

"கனாயே."

"சொல்லுங்க பாட்டி."

"தெரஷிமாவுக்கு வயித்து வலி இல்ல. குமேவுக்குக் கூட்டம் இல்ல. எனக்குப் பேத்தி வரல. ஆறு இன்னியோட மூடுது. வாய் வளைஞ்சவன் அங்கதான் இருக்கான், அவனைப் பாத்துக்கிட்டேதான் உங்கிட்ட பேசிட்டிருக்கேன்."

கண்ணாடியில் நிழல் ஆற்றுப் பக்கம் திரும்பியது.

"இதை நேர்ல சொல்லியிருக்கலாமே" என்றாள் மெதுவாக.

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"பின்ன?"

"கதவத் திறங்க பாட்டி. ஒரு சூப் மட்டும் வச்சுக் கொடுத்துட்டு..."

"திறக்க மாட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்." பழைய சோற்றில் தேநீரை ஊற்றி, ஊறுகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"மாத்திரை?"

"கனாயே, வெளிச்சம் போகுது."

பெட்டியை வாசற்படியில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கார் கதவு. பிறகு கூழாங்கற்கள்.

அவள் மடுவின் வாலில், ஆழம் குறையும் இடத்தில் வந்து நின்றபோது பூச்சிக் கூட்டம் குறைந்துவிட்டது. மலையின் நிழல் எதிர்க்கரை வரை போய்விட்டது. தண்ணீர்மேல் மட்டும் கொஞ்சம் வெளுப்பு மிச்சமிருந்தது. அவசரத்தில் எறிந்த முதல் வீச்சு பின்னாலிருந்த புதரில் மாட்டிக்கொண்டது. போய் விடுவித்துக்கொண்டு வந்தாள். அடுத்தது நன்றாக விழுந்தது. யாரும் வரவில்லை. மறுபடி வீசினாள். அவள் தோள்கள் தொங்கியிருந்ததை மேலிருந்தே பார்க்க முடிந்தது. நாள் முழுவதும் மூன்று பேரிடம் குனிந்த உடம்பு. வாய் வளைந்தவன் பாறைப் பக்கம் ஒருமுறை புரண்டான், அவளுடைய பூச்சியைவிட்டு ஒரு முழம் தள்ளி, தானாகச் செத்து மிதந்த ஒரு பூச்சிக்காக.

நான் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். இடுப்பு கத்தியது. கத்தட்டும்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. அடித்தது எனக்குக் கேட்கவில்லை, ஏப்ரன் பையில் வெளிச்சம் தெரிந்தது. கோலை வலது கையில் நீட்டிப் பிடித்தபடி இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள். ஆற்று இரைச்சலில் ஒரு வார்த்தையும் எனக்கு எட்டவில்லை. ஆனால் அவள் குனிந்தாள், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, முன்னால் யாருமில்லாத ஆற்றைப் பார்த்து. அலுவலகம்தான். மன்னிப்புக் கேட்டாயா, என்ன சொன்னார்கள் என்று விசாரித்திருப்பார்கள். நாங்கள் பொய் சொன்னதை அவள் சொல்லமாட்டாள். தன் தப்புத்தான் என்று சொல்லிக் குனிந்துகொண்டிருந்தாள். ஒருமுறை, இன்னொருமுறை, பிறகு ஆழமாக ஒருமுறை.

அவள் குனியும்போதெல்லாம் கோலும் கூடவே தாழ்ந்தது. நிமிரும்போது நரம்பு விண்ணென்று எழும்பியது. பாறை நிழலில் கிடந்த அவளுடைய பொய்ப்பூச்சி, தண்ணீரைவிட்டுப் பறக்கத் துடிப்பதுபோல் ஒரு துள்ளுத் துள்ளி மறுபடி விழுந்தது. எழும்பியது, விழுந்தது. எவ்வளவு கவனமாக வீசினாலும் அப்படி ஓர் ஆட்டம் வராது.

தண்ணீர் பிளந்தது.

கோல் ஆற்றைப் பார்த்து வளைந்தது. கனாயே போனைக் காதில் வைத்தபடியே திகைத்து நின்றாள். உதடுகள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். அணைக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த அந்தக் குரலை அப்படியே ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் கோலைப் பிடித்துக்கொண்டு, ஆற்றுக்குள் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.